கூடுதல் ஆளுக்குக் கால் பங்கு

இரண்டு பேருக்கு என்று முன்வீட்டைப் பதிவு செய்தவர்கள், காரிலிருந்து ஐந்து பேராக இறங்கினார்கள். கண்டக்டர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். விரல் விட்டு எண்ண வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஓடுகிற பஸ்ஸில் நின்றபடியே ஆயுசில் பாதியைத் தலை எண்ணிக் கழித்த மனுஷன். ஒரு தடவை கண்ணை ஓட்டினால் போதும், எத்தனை தலை, அதில் டிக்கெட் எடுக்காத தலை எது என்று சொல்லிவிடுவார். ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் எல்லோருக்கும் அவர் கண்டக்டர்தான்.

“ரெண்டு பேர்னுதானே போட்டிருக்கீங்க?” என்றார்.

“ஆமா சார், நாங்க ரெண்டு பேர்தான். இது எங்கம்மா. இதுங்க பசங்க,” என்றான் காரை ஓட்டி வந்தவன், பெட்டியை இறக்கிக்கொண்டே.

“அம்மா ஆள் இல்லையா?”

அந்த அம்மாளின் முகம் சுருங்கிப்போனது. கண்டக்டர் அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அதற்கெல்லாம் சலுகை கிடையாது. “மூணாவது ஆள்ல இருந்து தலைக்குக் கால் பங்கு வாடகை கூட. ஆப்லயே போட்டிருக்கு. அதுல படிக்கலைன்னா இந்த போர்டுல படிச்சுக்குங்க.”

“சின்னப் பசங்களுக்குமா?”

“அதுக்குத்தான் கோடு இருக்கு.”

வாசல் நிலையில் நீலப் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்திருந்தார். பஸ்ஸில் முன்படிக்குப் பக்கத்தில் அப்படி ஒரு கோடு உண்டு. பிள்ளையின் தலை கோட்டுக்குக் கீழே நின்றால் அரை டிக்கெட், மேலே போனால் முழு டிக்கெட், மடியில் உட்காருகிற பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. அந்தக் கோட்டை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். உலகத்தில் எத்தனையோ பேர் வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறார்கள். விருந்தாளியின் பிள்ளையை வாசலில் நிறுத்தி அளக்கிற ஆள் இவர் ஒருவராகத்தான் இருக்கும்.

பெரியவன் கோட்டுக்குக் கீழே நின்றான். அப்பன்காரனின் கை பிள்ளையின் தோளை அழுத்திக்கொண்டிருந்தது.

“முட்டியை நிமிர்த்தச் சொல்லுங்க,” என்றார் கண்டக்டர். “பேன்ட்டுக்குள்ள மடக்கி வச்சிருக்கான்.”

வாய்க்கு வந்தபடி நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் அவர்கள் காசைக் கொடுத்தார்கள். “விட்டா மூச்சு விடறதுக்கும் ரேட் போடுவார் போல,” என்றாள் கார்க்காரனின் மனைவி, அவர் காதில் விழட்டும் என்றே. விழுந்தது. அவருக்கு உறைக்கவில்லை. ஊருக்குத் திரும்பியதும் அவர்கள் ஆப்பில் எழுதிய விமர்சனம் சின்னதாக இருந்தது: வீடு சுத்தம். வீட்டுக்காரர் விஷம்.

வெளியூரில் வேலை பார்க்கும் மகன் போனில் அதைப் படித்துக் காட்டினான். “அப்பா, வர்றவங்க எல்லாரும் முதல்ல இதைத்தான்பா படிப்பாங்க.”

“படிக்கட்டும். படிச்சுட்டு, அஞ்சு பேருன்னா அஞ்சு பேருன்னு போட்டுட்டு வரட்டும்.”

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவரிடம் மகன் என்ன பேசுவான்? போனை வைத்துவிட்டான்.

வீடு நீளவாக்கில் கட்டிய வீடு. முன்பக்கம் இரண்டு அறை, ஒரு குளியலறை, சின்னதாக ஓர் அடுப்பு மேடை. பின்பக்கம் கண்டக்டரும் மனைவியும் இருக்கும் ஓர் அறையும் சமையலறையும். நடுவில் ஒரு கதவு, இரண்டு பக்கமும் தாழ்ப்பாள். பின்பக்கத்திலிருந்து தெருவுக்குப் போகப் பக்கவாட்டில் ஒரு சந்து. முன்பக்கத்தை நாள் வாடகைக்கு விடலாம் என்று ஆப்பில் ஏற்றிக் கொடுத்தவன் மகன்தான். அதில் கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்று கேட்டு ஒரே ஒரு கட்டம் இருந்தது. கண்டக்டர் வகுத்த சட்டங்களோ ஒரு கட்டத்தில் அடங்குகிற ஜாதியில்லை. பார்க்க வந்தவர் விளக்குப் போட்ட பிறகும் கிளம்பாவிட்டால் அரை ஆள். பகலில் வந்து குளித்துவிட்டுப் போனாலும் அரை ஆள். அதனால்தான் அந்த போர்டு.

போர்டை மாட்டிவிட்டு அவர் சும்மா இருக்கவும் இல்லை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வாசலில் எத்தனை ஜோடிச் செருப்பு, கொடியில் எத்தனை துண்டு, காலையில் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு கணக்கு இருந்தது. தண்ணீர் கூடுதலாக இறங்கியிருந்தால் கதவைத் தட்டிவிடுவார்.

இதில் அவருடைய மனைவிக்கு மிஞ்சியது துவைக்கிற துணி. ஒரு விடுதிச் சமையலறையில் காலமெல்லாம் பெரிய பாத்திரங்களைத் தூக்கி இறக்கிவிட்டு, போன வருஷம்தான் வேலையை விட்டு வீட்டோடு இருந்தாள். விருந்தாளிகளுக்கு ஆப்பில் பதில் போடுகிறவளும் அவள்தான். கண்டக்டர் போட்ட பதில்கள் கோர்ட் நோட்டீஸ் மாதிரி இருப்பதாக மகன் சொன்னதிலிருந்து அந்த வேலை அவள் தலையில் விழுந்தது. ஒரு நாள் ஈரப் போர்வையைப் பிழிந்தபடி அவரிடம் சொன்னாள்:

“கூட ஒரு தலை வந்தா உங்களுக்குக் கால் பங்கு. எனக்கு ரெண்டு போர்வை, ஒரு தலகாணி உறை, ஒரு துண்டு. எனக்கு என்ன ரேட்னு அந்த போர்டுல எங்கேயாவது போட்டிருக்கீங்களா?”

“வீட்டுக் காசு உனக்கும் சேர்த்துத்தானே,” என்றார் அவர். அதோடு பேச்சு முடிந்துவிட்டதாக நினைத்துக்கொண்டார்.

இந்த மனுஷன் பிறக்கும்போதே இப்படியா என்றால், இல்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மழைநாள். கைக்குழந்தையோடு ஒரு பெண் ஏறினாள். கையில் காசில்லை. கண்டக்டர் பார்க்காத மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அடுத்த நிறுத்தத்தில் செக்கிங் ஏறிவிட்டது. டிக்கெட் இல்லாத ஒரே ஒரு தலை. அதற்காக அவரை சஸ்பெண்ட் செய்தார்கள். அப்போது மகன் தவழ்கிற பிள்ளை. வாடகை நின்றதும் வீட்டுக்காரன் சாமானைத் தெருவில் எடுத்து வைத்துவிட்டான். சூடு கண்ட பூனை அதற்கப்புறம் அடுப்பங்கரை பக்கமே போகவில்லை. தாயானாலும் பிள்ளையானாலும் டிக்கெட் டிக்கெட்தான் என்று இவர் மனதில் அன்று விழுந்த முடிச்சு அவிழவே இல்லை.

ஆனால் அந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. தெருவில் கிடந்த சாமானை ஒரு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது மனைவியின் அக்கா. துணித் தொழிற்சாலையில் வெட்டுகிற வேலை பார்த்தவள், தனிக்கட்டை. அவளுக்கு இருந்ததே ஒரு படுக்கையறையும் சமையலறையும். படுக்கையறையை இவர்களுக்கு விட்டுவிட்டு, வேலை திரும்பக் கிடைக்கிற வரைக்கும் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டாள். எத்தனை தலை என்று அவள் எண்ணவில்லை. தண்ணீர் எவ்வளவு இறங்கியது என்றும் பார்க்கவில்லை. கண்டக்டருக்கு செக்கிங் ஏறியது நேற்று நடந்த மாதிரி ஞாபகம் இருந்தது. அந்தப் பாய் மட்டும் எப்படியோ மறந்துபோனது. எனக்கு அவர்மேல் இருக்கிற கோபமெல்லாம் இதற்குத்தான்.

அந்தப் பெரியக்காதான் இப்போது குளியலறையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாள். ஆபரேஷன் முடிந்தது. வாக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடக்கலாம், படி மட்டும் ஏறவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவள் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி. ஆஸ்பத்திரியில் கட்டிலைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள்.

கண்டக்டர் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மனைவி பேச்சை எடுத்தாள்.

“அக்காவை முன்வீட்டுல வச்சுக்கலாம். படி இல்ல, பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு. நடக்கற வரைக்கும்தான்.”

“முன்வீட்டுலயா? சீசன் ஆரம்பிக்கப்போகுதே.”

“அடுத்த மாசம் பூரா காலியாத்தான் கிடக்கு. நான்தானே ஆப் பார்க்கறேன். அந்த விஷம் விமர்சனத்துக்கு அப்புறம் ஒருத்தரும் எட்டிப் பார்க்கல.”

அது சுருக்கென்று தைத்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் தண்ணீர் குடித்தார். பெரியக்காவை வேண்டாம் என்று சொல்கிற அளவுக்கு அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. நிஜமாகவே யோசித்தார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் இல்லையா? மனதுக்குள் போட்டுப் பார்த்துவிட்டு, தாராளமாக ஒரு முடிவுக்கு வந்தார். பெருமையோடுதான் சொன்னார்:

“சரி, அக்காவாச்சே. பாஸ் மாதிரி வச்சுக்கலாம். மாசத்துக்குப் பாதி வாடகை போதும், அது ஒரு ஆளுக்கு. அவங்களுக்குத்தான் பென்ஷன் வருதே. ராத்திரி கூடப் படுத்துப் பார்த்துக்கற ஆள் ஒண்ணு வேணும்ல? அந்த ஆளுக்கும் கால் பங்கு முழுசா வேண்டாம். அதுலயும் பாதி.”

மனைவி கரண்டியைக் கீழே வைத்தாள்.

“கூடப் படுக்கறது யாரு?”

“யாரையாவது வைப்பீங்கல்ல?”

“நான்தான் படுக்கப்போறேன். கூட வர்ற ஆள் நான்தான்.”

கட்டின பெண்டாட்டிக்கே கூடுதல் ஆள் கட்டணம் போட்டிருக்கிறோம் என்பது அப்போதுதான் கண்டக்டருக்கு உறைத்தது. அங்கேயே தலையில் அடித்துக்கொண்டு சிரித்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். புத்தி கெட்டுப் பேசிட்டேன், விடு என்று ஒரு வார்த்தை போதும். ஆனால் பயணிகளிடம் ஒரு தடவைகூடப் பின்வாங்கிப் பழகாத நாக்கு அது.

“அப்படிப் பார்த்தா... சட்டம்னு ஒண்ணு வச்சா ஆள் பார்த்து மாத்த முடியுமா?” என்றது.

மனைவி கத்தவில்லை, அழவும் இல்லை. “நம்ம மூணு பேரும் அவ ரூம்ல கிடந்தப்ப அக்கா என்ன சட்டம் வச்சா?” என்று மட்டும் கேட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

நாலு நாள் போனால் சரியாகிவிடும் என்று கண்டக்டர் நினைத்தார். சரியாவதற்குள் அவருடைய போன் மணியடித்தது. முன்வீட்டுக்குப் பதிவு, முழு மாதத்துக்கு, இரண்டு பேர், முழு வாடகை, பணம் கட்டியாகிவிட்டது. காய்ந்து கிடந்தவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. பார்த்தாயா, விஷம் என்று எழுதினாலும் வருகிறவன் வரத்தான் செய்கிறான் என்று மகனுக்குப் போன் போட்டார்.

மகன் ஆப்பைத் திறந்து பார்த்தான். “அப்பா, பேரைப் பார்த்தீங்களா?”

“இல்ல, கண்ணாடி போடல.”

“அது அம்மா. அம்மாதான் புக் பண்ணியிருக்காங்க. என்னப்பா நடக்குது அங்க?”

விடுதியில் சம்பளம் வாங்கிய காலத்தில் சேர்த்துவைத்த சொந்தப் பணத்தைப் போட்டிருந்தாள். பாஸ் சலுகை எதுவும் கேட்கவில்லை. பதிவை ரத்து செய்துவிடலாமா என்று அவருக்குத் தோன்றியது. வீட்டுக்காரர் ரத்து செய்தால் ஆப்பில் பட்டியலின் அடிக்குத் தள்ளிவிடுவார்கள் என்று மகன் முன்னமே சொல்லியிருந்தான். எல்லாம் விளையாட்டுக்குத்தான், மிரட்டிப் பார்க்கிறாள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு பேசாமல் இருந்துவிட்டார்.

விளையாட்டு இல்லை. ஆஸ்பத்திரி வண்டி வாசலில் நின்ற அன்று, மனைவி ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பின்கதவு வழியாக வெளியே போய், சந்து வழியாகச் சுற்றி, முன்வாசலில் வந்து நின்றாள். தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“இது எதுக்கு?”

“எல்லார்கிட்டயும் கேட்டு வாங்கிப் பார்ப்பீங்களே. பார்த்துட்டு சாவியைக் குடுங்க சார்.”

அந்த ‘சார்’ அவருக்குச் செருப்படி மாதிரி விழுந்தது. எதிர்வீட்டு மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். கோபத்தோடு சாவியைக் கொடுத்தார். வண்டியிலிருந்து பெரியக்காவை இறக்க அவர் கை நீட்டியபோது, “நாங்க பார்த்துக்கறோம்,” என்றாள் மனைவி. உள்ளே போனதும் நடுக்கதவில் அந்தப் பக்கத் தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது.

இதற்குப் பிறகு கண்டக்டர் பட்ட பாட்டைச் சொந்தக் காசில் சூனியம் என்றுதான் சொல்ல வேண்டும். அடுப்பு அவருக்குப் பழக்கமில்லை. ஒரு நாள் சோறு குழைந்தது, ஒரு நாள் அடிப்பிடித்தது. கடையில் வாங்கித் தின்று வயிறு கெட்டது. நடுக்கதவு வழியாகத் தாளிக்கிற வாசனை மட்டும் தவறாமல் வந்தது. போனில் செய்தி வரும்: ‘குளியலறைக் குழாய் ஒழுகுகிறது. கவனிக்கவும்.’ இன்னொரு நாள்: ‘வாரம் ஒருமுறை போர்வை மாற்றித் தரப்படும் என்று போட்டிருக்கிறீர்கள். பழையவை வாசலில் உள்ளன.’ போர்வைகளைத் தொட்டியில் போட்டு அலசித் தூக்கியபோதுதான், நனைந்த போர்வை என்ன கனம் கனக்கும் என்று அவருக்குத் தெரிந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தலைவலியும் திருகுவலியும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். இவருக்கு வந்தும், தெரிந்துகொள்வதற்குப் பதில் கோபம்தான் வந்தது.

ஆனால் கோபத்தைச் சாப்பிட்டு எத்தனை நாள் இருக்க முடியும்? மாதம் முடியப்போகிற சமயம். ஒரு சாயங்காலம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, சந்து வழியாகச் சுற்றிப் போய் முன்வாசலைத் தட்டினார். குழாய் பார்க்க வந்ததாகச் சொன்னார். மனைவி வழிவிட்டாள்.

பெரியக்கா வாக்கரைப் பிடித்துக்கொண்டு சுவரோரமாக நடந்து வந்தாள். முகத்தில் தெளிச்சி வந்திருந்தது. “வாங்க தம்பி. இளைச்சுப் போயிட்டீங்களே. உட்காருங்க, ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க,” என்றாள். மேஜையில் இரண்டு தட்டு இருந்தது. கண்டக்டர் குழாயை மறந்துவிட்டு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

“அக்கா,” என்றாள் மனைவி, “நாம ரெண்டு பேருக்குத்தான் எடுத்திருக்கோம்.”

தமாஷ் என்று நினைத்து அவர் சிரித்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். “இந்தா, கூடுதல் ஆளுக்கு. போதுமா?”

“என்கிட்ட எதுக்கு? அது வீட்டுக்காரருக்குப் போற காசு. அவர்கிட்ட குடுங்க.”

அந்த நோட்டை அவர் யாரிடம் கொடுப்பார்? எடுத்துப் பையில் வைத்தாலும் தன் காசு, வைக்காவிட்டாலும் தன் காசு. முகம் சிவந்துவிட்டது. “என்னடி நினைச்சுக்கிட்டிருக்க? என் வீட்டுல உட்கார்ந்து ஒரு வாய் சோறு திங்க நான் யாரைக் கேட்கணும்?” என்று கத்தினார்.

“யாரையும் கேட்க வேண்டாம். உங்க வீடுதான். மாசக் கடைசியில காலி பண்ணித் தந்துடறோம். பழைய விடுதிக்குப் பக்கத்துல தரைத்தளத்துல ஒரு வீடு பார்த்து அட்வான்ஸ் குடுத்தாச்சு. விடுதியில மறுபடியும் வரச் சொல்லிட்டாங்க.”

“அக்காவுக்குத்தானே வீடு?”

“ரெண்டு பேருக்கும்.”

கண்டக்டர் ஆயுசில் முதல் தடவையாகப் பயந்துபோய்ப் போனை எடுத்தார், கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டார். விரல் இரண்டு மூன்று தடவை தப்பான இடத்தில் பட்டது. கூடுதல் ஆளுக்கு எவ்வளவு என்கிற அந்தக் கட்டத்தைக் கண்டுபிடித்து, அதில் இருந்ததை அழித்துவிட்டு ஒரு பூஜ்யம் போட்டார். போனை அவளிடம் நீட்டினார்.

“பாரு. எடுத்துட்டேன். இனிமே யாருக்கும் கிடையாது. போர்டையும் கழட்டிடறேன். எத்தனை பேர் வேணா வரட்டும், எத்தனை நாள் வேணா இருக்கட்டும். பின்னாடி வா. நான் சொன்னது தப்பு, போதுமா? தப்பு.”

மனைவி போனை வாங்கினாள். எட்டப் பிடித்து நிதானமாகப் படித்தாள். பெரியக்கா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நல்லதுதான்,” என்று போனைத் திருப்பிக் கொடுத்தாள் மனைவி. “இனிமே வர்றவங்களுக்கு உதவும்.”

“நீ?”

“நாங்க பழைய ரேட்டுல வந்தவங்க,” என்று சொல்லிவிட்டு, அக்காவின் தட்டில் சோறு போட்டாள்.